ஒரே சாலைக்கு மூன்று மிதிவண்டிகளா?

மிதிவண்டி வாங்க விரும்பும் ஆய்வு மாணவர் எந்த வளாகத்தின் சைக்கிள் குழுவில் ஆலோசனை கேட்டாலும், பதிலுக்கு ஒரு கேள்விதான் வருகிறது: "ரோடா, கிராவலா, டூரிங்கா?" பதில் சொல்லத் தெரியாதவர் கற்றுக்குட்டி ஆகிவிடுகிறார். தெரிந்தவரோ, முதலில் ஒன்று, பட்டம் பெற்றபின் இன்னொன்று, வேலை கிடைத்தபின் மூன்றாவது என்று வாழ்நாள் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். அந்தக் கேள்வியே பிழையானது என்பது என் வாதம்.

வகைப்பாடுகள் வானிலிருந்து இறங்குவதில்லை என்பதை ஆய்வுலகில் இருப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. 'கிராவல்' என்னும் வகை, அமெரிக்காவின் கான்சாஸ் போன்ற பகுதிகளில் கல் தொலைவுக்கு நீளும் சரளைச் சாலைகளில் பிறந்தது. அங்கே எம்போரியா நகரை மையமாகக் கொண்ட பந்தயம் 2006இல் தொடங்கியது. பன்னாட்டு மிதிவண்டிச் சம்மேளனம் 2022இல்தான் கிராவலுக்கு உலகப் போட்டி நடத்தியது. வாசலைத் தாண்டினால் நூறு கிலோமீட்டர் சரளை என்ற நிலத்தில் அதற்கென ஒரு வண்டி இருப்பதில் நியாயம் உண்டு.

நம் நிலம் வேறு. புனேயிலிருந்து தாம்ஹினி மலைவழியாகக் கொங்கணத்துக்கு இறங்குபவர் ஒரே பகலில் நல்ல தாரையும், மழை அரித்த தாரையும், சாலைப்பணிக்காகக் கொட்டிய ஜல்லியையும், ஊர்ப்புறச் செம்மண்ணையும் கடக்கிறார். இந்தியாவில் சரளை என்பது ஒரு விளையாட்டுத் துறையன்று. அது தேசிய நெடுஞ்சாலையின் ஓரம். ஆகவே எல்லாத் தரைக்கும் ஒத்துவரும் ஒரே வண்டி நமக்கு ஆடம்பரமும் அன்று, சமரசமும் அன்று, அடிப்படைத் தேவை.

இதை நம் பால்காரர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். அவர்கள் ஓட்டிய கறுப்பு வண்டியின் டயர் ஒன்றரை அங்குல அகலம், அதாவது 38 மில்லிமீட்டர். இன்று கிராவல் வண்டியின் புதுமை எனப் பேசப்படும் அகலமும் ஏறத்தாழ அதுவே. எஃகுச் சட்டகம், மட்கார்டு, சுமை தாங்கும் கேரியர் ஆகியனவும் அதில் இருந்தன. பழம்பெருமை பேசுவது என் நோக்கமன்று: ஒற்றைக் கியரும், மழையில் பிடிக்காத கம்பி பிரேக்கும் அதன் உண்மையான குறைகள். அக்குறைகளைத் தீர்ப்பதற்குப் பதில், அந்த வண்டியையே மூன்றாக வெட்டி மூன்று விலைக்கு விற்கிறார்கள்.

பந்தயத்தின் விதி சாமானியரின் வண்டியைத் தீர்மானிப்பது பழைய கதை. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பிரான்ஸின் பால் தெ விவி, கியர் மாற்றியின் பயனை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். அவர் 1930இல் இறந்தார். தூர் தெ பிரான்ஸ் பந்தயம் அதை அனுமதித்தது 1937இல். மெல்லிய டயரே வேகம் என்ற நம்பிக்கையும் இத்தகையதே. கடினமாகக் காற்றடைத்த ஒல்லி டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் உடலையும் தூக்கிப் போடுகிறது. அந்த அதிர்வில் நம் உழைப்பு வீணாகிறது. அகன்ற டயர், குறைந்த அழுத்தத்தில், கல்லைத் தானே விழுங்கிவிடுகிறது. முன்பு 23 மில்லிமீட்டரில் ஓடிய தொழில்முறை வீரர்களே இன்று 28க்கு மேல் போய்விட்டார்கள்.

கியரைப் பொறுத்தவரை கணக்கே பேசட்டும். ஓட்டுநர், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 90 கிலோ. ஏற்றம் 8 விழுக்காடு. நிமிடத்துக்கு 60 மிதிச்சுற்று. முன்னே 34 பல், பின்னே 28 பல் என்றால் வேகம் மணிக்கு ஒன்பதரைக் கிலோமீட்டரைத் தாண்டும். அதற்குச் சுமார் 200 வாட் திறன் வேண்டும். முன்னே 30, பின்னே 34 என்றால் மணிக்கு 7 கிலோமீட்டர். 150 வாட் போதும். முன்னதைப் பயிற்சி பெற்றவரே ஒரு மணிநேரம் தாங்குவார். பின்னது நூலகத்தில் அமர்ந்து பழகிய உடலுக்கும் எட்டக்கூடிய இலக்கு. முன்புறம் 46, 30 என இரு பல்சக்கரங்களும் பின்புறம் 11 முதல் 34 வரையும் இருந்தால், சமவெளி வேகமும் மலையேற்றமும் ஒரே வண்டியில் அடங்கிவிடுகின்றன.

"எல்லாம் செய்யும் வண்டி எதையும் உருப்படியாகச் செய்யாது" என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதையும் எடை போடுவோம். இத்தகைய வண்டி பந்தய வண்டியைவிட மூன்று கிலோ கூடுதலாக இருக்கலாம். 90 கிலோவில் மூன்று கிலோ என்பது ஒரு மணிநேர ஏற்றத்தில் இரண்டு நிமிடம். சமவெளியில் நம்மைத் தடுப்பது பெரிதும் காற்று. அதை வெல்வது உடல் அமரும் விதம், வண்டியின் எடை அன்று. நிமிடங்களுக்காகப் போட்டியிடுவோர் பந்தய வண்டியே வாங்கட்டும். அவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதிலிருந்து மிச்சம் பிடித்து வாங்குவோர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை சிலவே. மட்கார்டு போட்ட பிறகும் 38 மில்லிமீட்டர் டயர் நுழையுமா? கேரியர் பூட்டச் சட்டகத்தில் துளைகள் உண்டா? சக்கரத்துக்கு 32 ஸ்போக் இருக்கிறதா? பிரேக்கும் கியரும் சாதாரணக் கேபிளில் இயங்குகின்றனவா? மிதியச்சு அழுத்திச் செருகியதா, மரையிட்டதா? காசாவிலோ ஜோர்ஹாட்டிலோ கேபிள் அறுந்தால் ஒரு சிற்றூர்க் கடைக்காரர் மாற்றித் தருவார். மின்கலத்தில் இயங்கும் கியர் மாற்றி நின்றுபோனால் அவர் என்ன செய்வார்? பழுது பார்க்க முடியாத பொருள் முழுமையாக நம் உடைமை ஆவதில்லை.

வளாகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் படிவத்தில் 'வண்டி வகை' என்ற பத்தியை நீக்குங்கள். குழுவின் பணத்தில் நான்கு கேரியர்களும் பைகளும் வாங்கி, நெடுந்தூரம் போவோருக்கு இரவல் கொடுங்கள். புதிதாக வருபவரிடம் "என்ன வண்டி?" என்று கேட்காதீர்கள், "எந்த ஊருக்குப் போக ஆசை?" என்று கேளுங்கள். மாற்றுக் கருத்துடையோர் கணக்கோடு வாருங்கள், விவாதிப்போம்.