விடிய விடிய ஒரு கல்யாணம்

மதுரையில் பங்குனி பிறந்துவிட்டது என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. வெயில் ஏறும். மல்லிகைப் பூவின் விலை இறங்கும். சுற்று வட்டாரக் கிராமங்களில் டீக்கடைச் சுவர்களெல்லாம் நாடக நோட்டீஸ் உடுத்திக்கொள்ளும். முதல் இரண்டு அடையாளங்களையும் நாம் தவறாமல் கவனித்துவிடுகிறோம். மூன்றாவதைத்தான் பஸ் ஜன்னல் வழியே பார்த்தும் பாராமல் போய்விடுகிறோம்.

அடுத்த தடவை அந்த நோட்டீஸை நின்று படித்துப் பாருங்கள். மேலே அம்மன் படம். அதற்குக் கீழே விழாக் கமிட்டியாரின் பெயர்கள். அது ஒரு முழம்! அப்புறம் வட்ட வட்டமாகப் புகைப்படங்கள். ராஜபார்ட் இன்னார், ஸ்திரீபார்ட் இன்னார், நாரதர் இன்னார், பபூன் இன்னார், டான்ஸ் இன்னார், ஹார்மோனியம் இன்னார், மிருதங்கம் இன்னார். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் மதுரை, ஒருவர் புதுக்கோட்டை, ஒருவர் திண்டுக்கல், ஒருவர் காரைக்குடி. நாடகம்: 'வள்ளி திருமணம்'. நேரம்: இரவு 10 மணி.

"இத்தனை ஊர்க்காரர்களும் எப்போது ஒன்றுகூடி ஒத்திகை பார்க்கிறார்கள்?" என்றுதானே கேட்கிறீர்கள்? பார்ப்பதே இல்லை! அன்று இரவு மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொள்ளும்போதுதான் வள்ளியும் முருகனும் ஒருவரை ஒருவர் பார்த்து, "சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொள்கிறார்கள். மறுநாள் காலை அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மறு நாள் இரவு வேறு ஊர், வேறு முருகன், வேறு வள்ளி. ஒவ்வோர் இரவுக்கும் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பேசி அமர்த்துவதால்தான் இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர்.

இதன் கஷ்டம் நம்மைப் போல வீட்டுப் பொறுப்பு உள்ளவர்களுக்குத்தான் புரியும். முன்பின் சேர்ந்து வேலை செய்யாத ஏழெட்டுப் பேரை ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் கொண்டுபோய் விட்டு, "ஆயிரம் பேருக்கு விருந்து. யாரும் யாரையும் எதுவும் கேட்கக்கூடாது. ஆனால் சாம்பாருக்கு உப்பு சரியாக இருக்க வேண்டும்" என்றால் எப்படி இருக்கும்? அதைத்தான் இவர்கள் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரையில் இரவுக்கு இரவு செய்கிறார்கள்.

எப்படி முடிகிறது? அதற்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரைத் தமுக்கத்தில் சிலையாக நிற்கிறாரே சங்கரதாஸ் சுவாமிகள், அவர்தான். தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். ஆரம்பத்தில் நடிகராகத்தான் இருந்தார். எமன், சனீசுவரன் போன்ற உக்கிரமான வேஷங்களில் பேர் பெற்றவர். ஒரு நாள் அவரைச் சனீசுவரன் கோலத்தில் கண்டு ஒரு கர்ப்பிணிப் பெண் பயந்து விபரீதம் நேர்ந்துவிட்டது என்றும், அன்றோடு அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நடிப்பை விட்டவர் எழுதுகோலைப் பிடித்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று நாடகங்களாக எழுதிக் குவித்தார்.

1918-ல் மதுரையில் அவர் தலைமையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்று சிறுவர் கம்பெனி ஒன்று தொடங்கியது. பிற்காலத்தில் 'அவ்வை' சண்முகம் என்று புகழ் பெற்ற தி. க. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது 6. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கியதுதான், எம். ஜி. ஆர். சிறு பையனாக வேஷம் கட்டியது அங்கேதான். அந்தக் கம்பெனிகளில் வள்ளி, தமயந்தி, சாவித்திரி எல்லாருமே மீசை முளைக்காத பையன்கள்!

சுவாமிகள் 1922-ல் காலமானார். 1931-ல் தமிழில் பேசும் படம் வந்தது. சினிமாக் கொட்டகை பெருகப் பெருக, நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. ஆனால் ஸ்பெஷல் நாடகம் மட்டும் நகரவில்லை. காரணம், அதற்கு மூட்டையே கிடையாது! கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை. சுவாமிகளின் பாட்டும் வசனமும் ஒவ்வொரு நடிகர் நெஞ்சிலும் மனப்பாடமாக இருக்கின்றன. அதுதான் அவர்களுடைய கம்பெனி. எந்த ஊர் வள்ளியும் எந்த ஊர் முருகனோடும் நின்று பேசலாம். அடி எடுத்துக் கொடுத்தால் அடுத்த அடி தானே வரும்.

பெண்களும் ஆண்களுக்குச் சமமாக மேடையேறிய பிறகு இந்தக் கலைக்குத் தனிச் சோபை வந்தது. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் கொழும்பு மேடையில் ஜோடி சேர்ந்து, பிறகு வாழ்க்கையிலும் ஜோடி சேர்ந்த கதை உங்கள் பாட்டிமார்களுக்குத் தெரியும். கிட்டப்பா 1933-ல் மறைந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அந்த அம்மாள் கடைசிவரை மாற்றவில்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று தீர்மானித்தார். 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் தாமே நந்தனாராக ஆண் வேஷம் தரித்தார். அதற்கு அவர் வாங்கிய தொகை 1 லட்ச ரூபாய்!

அது கிடக்கட்டும். லட்ச ரூபாய் வாங்காத வள்ளிகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். என் அத்தைக்கு அந்த ஊர் அம்மன்மேல் ஒரு பழைய நேர்த்திக்கடன். பொங்கல் வைத்து முடிந்ததும், "ராத்திரி நாடகமாம். பார்த்துவிட்டுப் போகலாம் அத்தை" என்றேன்.

"விடிய விடியக் கண் முழித்து நாடகக்காரியைப் பார்க்க வேண்டுமாக்கும்!" என்று அத்தை முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொண்டாள். ஆனால் எனக்கு முன்னால் பாயை விரித்து முதல் வரிசையில் இடம் பிடித்தவளும் அத்தைதான்.

பத்து மணி நாடகம் பத்தரைக்கு ஆரம்பித்தது. முதலில் ஹார்மோனியக்காரர் கடவுள் வாழ்த்துப் பாடிக் கூட்டத்தை அமர்த்தினார். பிறகு பபூன் வந்தார். டான்ஸ் பெண்மணி வந்தாள். இருவரும் சண்டை பிடித்தார்கள், சமாதானமானார்கள், சினிமாப் பாட்டுப் பாடினார்கள். சில வார்த்தைகள் காது கூசும்படி இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. "அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் உண்டா?" என்றாள் அத்தை. உண்டோ இல்லையோ, விசில் அடித்தவர்கள் யாரும் மேடையில் இல்லை, கீழேதான் இருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் வள்ளி வந்தாள்.

தினைப்புனத்தில் நின்று ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டுகிறாள். அடேயப்பா, என்ன சாரீரம்! தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள்கூடப் புரண்டு படுத்தன. பிறகு நாரதர் வந்து தர்க்கம் தொடங்கினார். இந்தத் தர்க்கம்தான், சகோதரிகளே, ஸ்பெஷல் நாடகத்தின் உயிர்நாடி. பாட்டுக்கு ஏடு உண்டு. தர்க்கத்தில் பாதிக்கு மேல் ஏடு கிடையாது. நாரதர் எங்கிருந்து கேள்வி எடுப்பார் என்பது வள்ளிக்குத் தெரியாது. புராணத்திலிருந்து கேட்பார், குறளிலிருந்து கேட்பார், அன்றைய செய்தித்தாளிலிருந்துகூடக் கேட்பார். வள்ளி நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். தமிழும் தவறக்கூடாது, தாளமும் தவறக்கூடாது.

அன்று நாரதர், பெண் பிறந்ததே ஒருவன் கைப்பிடிக்கத்தானே என்கிற தோரணையில் ஏதோ கேட்டுவிட்டு, பெரிய கேள்வி கேட்டுவிட்டதாகக் கட்டையைத் தட்டிக்கொண்டு நின்றார். வள்ளி ஒரு கணம் பேசவில்லை. ஹார்மோனியக்காரர் மெதுவாக ஒரு சுரத்தைத் தொட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். "சுவாமி, மூன்று உலகமும் சுற்றுகிற தாங்கள் ஏன் யார் கையையும் பிடிக்கவில்லை? தங்களுக்கு ஒரு நியாயம், தினை காக்கிறவளுக்கு ஒரு நியாயமா?" என்றாள் அவள்.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த ஆரவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது. நடு ராத்திரியில், அத்தனை பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். என் அத்தை கை தட்டினாள்!

இந்த 'வள்ளி திருமண' மேடை பெரிய வார்த்தைகளைத் தாங்கிப் பழகிய மேடைதான். திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு, கொக்கு விரட்டும் பாட்டில் வெள்ளைக்காரர்களை விரட்டியவர். அதற்காகச் சிறை போனவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர் நீத்தவர்.

வேடன் வந்தான், விருத்தன் வந்தான், யானை வந்தது. கிழக்கு வெளுக்கும்போது வள்ளிக்கும் முருகனுக்கும் மாலை மாற்றியாயிற்று. அத்தை இரண்டு கையையும் கூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது வேஷமில்லை, தெய்வக் கல்யாணம்.

முதல் பஸ்ஸுக்காக நிழற்குடைக்கு வந்தோம். பெஞ்சின் ஒரு கோடியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். சாதாரண நூல் சேலை. தலையில் முந்தானை. காலடியில் ஒரு பெட்டி. காதோரத்தில் மட்டும் கழுவியும் போகாத அரிதாரம். வள்ளிதான்!

பெஞ்சில் இன்னும் மூன்று பேர் உட்கார இடம் இருந்தது. நாடகம் பார்த்துவிட்டு வந்த பெண்கள் ஐந்தாறு பேர் அங்கே நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. ஒருத்தி தன் மகளைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ராத்திரி கை தட்டிய அதே கைகள். அந்த அம்மாளோ இதெல்லாம் பழக்கம் என்பதுபோல், தரையைப் பார்த்தபடி இருந்தாள். உண்மையைச் சொல்கிறேன்: நானும் ஒரு நிமிஷம் தயங்கித்தான் நின்றேன்.

அத்தைதான் போய்த் தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "ராத்திரிபூரா நின்னுக்கிட்டே இருந்தியேம்மா, ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்றாள்.

அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. பொங்கல் பிரசாதத் தூக்கைத் திறந்து அத்தை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தாள். பஸ் வருவதற்குள் கொஞ்சம் பேசினோம். குடியிருக்கும் வீட்டுக்காரரிடம், "வெளியூரில் நர்ஸ் வேலை, ராத்திரி ட்யூட்டி" என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். நாடகம் என்றால் வீடு கிடைக்காதாம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். "அவள் கல்யாணம் முடிகிற வரைக்கும் இந்தப் பொய் தாங்க வேண்டும், அம்மா" என்றாள். ராத்திரிக்கு ராத்திரி முருகனுக்குக் கழுத்தை நீட்டுகிறவளுக்கு மகள் கல்யாணத்தைப் பற்றி இப்படி ஒரு பயம்!

சூசன் சைசர் என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி மதுரைக்கு வந்து தங்கி, இந்த நாடகக்காரர்களோடு ஊர் ஊராகப் போய், 2005-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். மேடையில் வாய் திறந்து பேசிய குற்றத்துக்காக, மேடைக்கு வெளியே இந்தப் பெண்கள் எத்தனை ஒதுங்கி, எத்தனை பேர் கண்ணில் படாமல் நடக்க வேண்டியிருக்கிறது என்பதை அதில் விவரிக்கிறார். கடல் கடந்து வந்தவர் கண்ணில் பட்டது, பக்கத்துப் பெஞ்சில் உட்காரத் தயங்குகிற நம் கண்ணில் படவில்லை.

2020-ல் பங்குனியில் ஊரடங்கு வந்தது நினைவிருக்கிறதல்லவா? மீனாட்சி கல்யாணத்தையே நாம் வீட்டிலிருந்து திரையில்தான் பார்த்தோம். கிராமத் திருவிழாக்கள் நின்றன. பங்குனி, சித்திரையில் சம்பாதித்து மழைக்காலத்தை ஓட்டுகிறவர்களுக்கு அந்த வருஷம் முழுதுமே மழைக்காலமாகிவிட்டது. அதற்குப் பிறகும் அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நோட்டீஸ்கள் மறுபடியும் சுவரேறிவிட்டன.

ஆகையால், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் ஒரு தடவையாவது திருமங்கலமோ மேலூரோ உசிலம்பட்டியோ, உறவுக்காரர் இருக்கிற ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போங்கள். பாயும் ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னிரவில் பனி இறங்கும். பபூன் போனதும் எழுந்து வந்துவிடாதீர்கள். வள்ளி அப்புறம்தான் வருவாள். விடிந்த பிறகு பஸ் நிழற்குடையில் அவளைப் பார்த்தால், என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். தர்க்கத்தில் நாரதரையே மடக்கியவள், அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லத் தெரியாமல் திகைத்துப் போனாள்.