டோன்கட்சுவும் ஒரு சம்படமும்

அண்மையில் கருத்தரங்கு ஒன்றின் பொருட்டுச் சென்னை செல்ல நேர்ந்தது. விருதுநகரிலிருந்து சென்ற எங்கள் இருவரையும், துறையின் பழைய மாணவர் ஒருவர், "ஓர் இரவாவது என்னோடு சாப்பிட்டே ஆக வேண்டும் ஐயா" என்று வற்புறுத்தி, ஜப்பானிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். சிவகாசிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். பெற்றோர் இருவரும் பட்டாசுத் தொழிலாளர்கள். எங்களிடம் இளங்கலைத் தமிழ் பயின்றபின் சென்னையில் ஜப்பானிய மொழி கற்று, இன்று ஒரகடத்தில் வாகன உதிரிப் பாகத் தொழிற்சாலையொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறார். "தமிழ் படித்தவனுக்கு அந்த மொழி எளிது ஐயா. வினை கடைசியில்தான் வரும்" என்றார். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு கற்பித்த சுசுமு ஓனோவின் கோட்பாட்டை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆயினும் சிவகாசிப் பக்கத்து இளைஞர் ஒருவருக்குத் தொடரமைப்பின் ஒற்றுமை சோறு போடுகிறது.

அவர் எங்களுக்காகச் சொன்ன உணவின் பெயர் டோன்கட்சு. பன்றியின் முதுகுக்கறியையோ கொழுப்பற்ற உள்கறியையோ விரற்கடைத் தடிமனுக்கு அரிந்து, மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, பொரபொரப்பான ரொட்டித் தூள் போர்த்தி எண்ணெயில் முழுகப் பொரிக்கிறார்கள். எடுத்தவுடன் அரிவதில்லை. சற்றே ஆறவிட்டு, உள்ளிருக்கும் சூட்டில் கறி வெந்து முடிந்தபின் பட்டை பட்டையாக நறுக்கி, அடிப்பாகம் ஊறிப் போகாதிருக்கக் கம்பி வலைமீது அடுக்குகிறார்கள். பக்கத்தில் நூல் நூலாக அரிந்த முட்டைக்கோசு, வெண்சோறு, மிசோச் சாறு. எள்ளை நாமே இடித்துக் குழம்பில் கலந்துகொள்ளச் சிறு உரலொன்றும் உலக்கையும் தரப்பட்டன. செக்கெண்ணெயின் வாசனையோடும் செய்தித்தாள் அச்சிடும் 'விருதுநகர் மார்க்கெட் நிலவர'த்தோடும் வளர்ந்த எங்களுக்கு அந்த எள் மட்டுமே உறவினர் முகமாக இருந்தது.

பொரிப்பது எங்களுக்குப் புதிதன்று. விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாவும் சாத்தூர்க் காராச்சேவும் எண்ணெயின் பதம் அறிந்த கைகளின் ஆக்கங்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் என்னும் இலக்கணத்தைப் பரோட்டா மாஸ்டர்கள் எந்த நூலையும் படித்துக் கற்கவில்லை. எனவே அந்தத் தட்டின் நேர்த்தியை எங்களால் உடனே மதிக்க முடிந்தது. உண்மையில் மிகச் சுவையான உணவு அது. ஆளுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிய அதன் விலையும் அப்போது உறுத்தவில்லை.

இரண்டு துண்டு சாப்பிட்டபின் மாணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம பன்னிக்கறிதான் ஐயா. முன்னால சம்படத்துல கொண்டு வருவேனே, அதேதான்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் எங்களுக்குக் கை நின்றுவிட்டது.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சனிக்கிழமை கூலி வாங்கும் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை கறி, மிச்சத்தை வற்றவைத்து மகனுக்குத் திங்கட்கிழமை மதியத்துக்குக் கொடுத்தனுப்புவார் அந்தத் தாய். ஒரு திங்களன்று அவர் சம்படத்தைத் திறந்ததும் அதே வரிசையில் இருந்த சிலர் எழுந்துபோனார்கள். பின்னர் துறைக்குப் புகார் வந்தது. யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை, 'வாடை' என்றார்கள். நாங்களும் அந்தச் சொல்லின் பொருள் தெரியாதவர்கள்போல் நடித்து, அவரை அழைத்து, "இதையெல்லாம் இங்கே எடுத்து வராதே தம்பி" என்று மென்மையாகச் சொன்னோம். மென்மையாகச் சொன்னதைப் பெருந்தன்மை என்றும் எண்ணிக்கொண்டோம். அதன்பின் திங்கட்கிழமைகளில் அவர் புளியமரத்தடியில் தனியே உண்டதைப் பார்த்தும் பாராதிருந்தோம்.

அந்த ஆண்டு அவருக்கு நாங்கள் நடத்திய பாடங்களுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்றுவரும் பாணன் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாகப் பாடியது. வழிநெடுக ஒவ்வொரு நிலத்து மக்களும் விருந்தினருக்கு என்ன இடுவார்கள் என்று கூறிச் செல்கிறார் புலவர். கடற்கரைப் பட்டினத்தில் கள் வடிப்போர் வீடுகளில் கிடைப்பது பன்றிக்கறி. அதுவும் எத்தகைய பன்றி? பெண்பன்றிகளோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி, பல நாள் மாவூட்டிக் கொழுக்க வைத்த ஆண்பன்றி. டோக்கியோவின் உயர்தர டோன்கட்சுக் கடைகளில் பன்றியின் இனத்தையும் அது வளர்ந்த பண்ணையையும் பட்டியலில் எழுதி வைப்பார்கள் என்று மாணவர் வியந்து சொன்னார். அந்த வியப்புக்குரிய அக்கறை நம் பாட்டில் சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பதிவாகியிருக்கிறது. அது சொல்லும் நாடும் தொலைவில் இல்லை. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டை நாடு. ஜப்பானியப் பொறியாளர்கள் இன்று வேலை பார்க்கும் ஒரகடமும் காஞ்சிபுர மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அந்த அடிகளை நாங்கள் எப்படி நடத்தினோம்? 'ஊன் உணவு' என்று ஒரே சொல்லில் கடந்தோம். நச்சினார்க்கினியர் கூசாமல் உரை கண்ட பகுதி அது, உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது கூசாமல் அச்சேற்றிய பகுதி. பெரியபுராணத்தில் கண்ணப்பர் இறைவனுக்கு வைத்ததும் பன்றியின் இறைச்சியே. தீயில் வாட்டி, பதம் பார்த்து, வாயிலிட்டுச் சுவைத்து, நல்லனவற்றைத் தேர்ந்து படைத்தார் என்கிறார் சேக்கிழார். அந்தப் பகுதியைக் கண்ணீர் மல்க நடத்துகிறவர்கள்தாம் மதிய இடைவேளையில் ஒரு சம்படத்தைக் கண்டு மூக்கைப் பொத்துகிறோம். அன்புக்கு எடுத்துக்காட்டு தேவைப்படும்போது கண்ணப்பர் நம்மவராகிறார். அவர் சமைத்தது மட்டும் பிறர் உணவாகிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. காலம் மாறுகிறது, ஒதுக்கப்பட்ட உணவு இன்று உயர்ந்த மேசைக்கு வந்துவிட்டது, மாணவரே ஆசிரியர்க்கு விருந்து வைக்கிறார், இதைவிட என்ன வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த மாணவரின் உயர்வில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் உயர்ந்தது எது என்று பார்க்க வேண்டும். பன்றிக்கறி உயரவில்லை, அதன் அயற்பெயர் உயர்ந்திருக்கிறது. அந்தப் பெயரும் பயணப்பட்டு வந்ததே. பிரெஞ்சுக்காரரின் 'கோத்லெத்' ஆங்கிலத்தில் 'கட்லெட்' ஆகி, ஜப்பானிய நாவில் 'கட்சுரெட்சு' ஆகி, குறுகிக் 'கட்சு' ஆயிற்று. 'டோன்' என்றால் பன்றி. நம் ரயில் நிலையங்களில் விற்கும் கட்லெட்டுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். டோக்கியோவின் கின்சாவில் 1895இல் தொடங்கிய ரெங்காதெய் என்னும் உணவகம் 1899இல் பன்றிக்கறியை இம்முறையில் பொரித்துத் தந்ததே தொடக்கம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. அதற்கு முன் பல நூற்றாண்டுகள், பௌத்தத்தின் செல்வாக்கால் ஜப்பானியர் பெரும்பாலும் புலாலை விலக்கியிருந்தனர். பேரரசர் மெய்ஜி 1872இல் மாட்டிறைச்சி உண்டதை ஊரறியச் செய்த பிறகே அந்த விலக்குத் தளர்ந்தது. அரசர் உண்டார், மேல்நாட்டார் உண்டனர், ஆகவே இறைச்சி நாகரிகமாயிற்று.

ஆனால் அந்நாட்டில் விலங்கை அறுத்தவர்களுக்கும் தோல் பதனிட்டவர்களுக்கும் என்ன நேர்ந்தது? புராக்குமின் என்று இன்று குறிக்கப்படும் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்தனர். 1871இல் அரசாணை அந்த இழிநிலையைச் சட்டப்படி நீக்கிற்று. ஆனாலும் திருமணத்திலும் வேலைவாய்ப்பிலும் பிறப்பிடத்தைத் துருவும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு முழுதும் தொடர்ந்தது. அதன் எச்சம் இன்னும் மறையவில்லை. டோக்கியோவின் ஷிபாவுரா இறைச்சிக் கூடத்தில் வேலை செய்வோர்க்கு இழிமொழிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. தட்டிலிருந்த கறி ஒரு தலைமுறையில் மேன்மை பெற்றுவிட்டது. அதை அறுத்துத் தந்த கைக்கு ஒன்றரை நூற்றாண்டும் போதவில்லை.

சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு பெயரிட்டதாகச் சொல்லி நாம் பெருமைப்படுவதுண்டு. 1920களின் தொடக்கத்தில் இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து கட்டிய ஊர் அது. பெருமைப்படக் காரணம் இருக்கிறது. அந்தப் பெயர் உழைப்பைக் கண்டு சூட்டப்பட்டது. உழைப்பவர் வீட்டு அடுப்பில் வேகும் கறியைச் சொல்ல நமக்கு ஏன் ஜப்பானியச் சொல் தேவைப்பட வேண்டும்? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது மாவட்டமே அழுதது. அந்த அழுகை உண்மையானதே. ஆனால் இறந்தபின் நம்மவர் என்று அழப்படும் ஒரு தொழிலாளியின் பிள்ளை, உயிரோடிருக்கையில் நம் அருகில் அமர்ந்து தன் வீட்டுச் சோற்றை உண்ண முடிகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் பன்றிக்கறி உண்ண வேண்டும் என்பது எங்கள் வாதமன்று. உண்ணாதிருப்பது அவரவர் உரிமை. எங்கள் இருவருள் ஒருவர் வீட்டில் இன்றும் அது ஏறாது. உண்பவர் எழுந்துபோக நேரக்கூடாது என்பதே வேண்டுகோள். குறிப்பாக, தமிழாசிரியர்களாகிய நாம் பெரும்பாணாற்றுப்படையின் அந்த அடிகளுக்கு வரும்போது குரலைத் தாழ்த்தாமல், அது பன்றி என்றும், அதை விருந்தாக இட்டவர்கள் இன்னார் என்றும் முழுமையாகச் சொல்ல வேண்டும். வகுப்பின் கடைசி வரிசையில் அதைக் கேட்பதற்கென்று ஒருவர் இருக்கக்கூடும்.

விருந்து முடிந்து வெளியே வந்தபோது, அன்று சொன்னதற்காக மாணவரிடம் வருத்தம் தெரிவித்தோம். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சது ஐயா" என்றார். சற்றுத் தூரம் நடந்தபின், "அம்மாகிட்ட அன்னைக்கு விஷயத்தைச் சொல்லல. கறி பிடிக்கலன்னு சொல்லிட்டேன். இப்பவும் நான் ஊருக்குப் போனா அவங்க கறி எடுக்கிறதில்ல" என்றார்.

எங்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது தாமும் உடன் வருவதாக, அந்தக் கறி ஏறாத வீட்டுக்காரரான எங்களுள் ஒருவர்தான் முதலில் சொன்னார். சம்மதம் என்றார் மாணவர். கறி எடுக்கச் சொல்லி அம்மாவுக்கு அவரே முன்கூட்டித் தகவல் தருவதாக ஏற்பாடு.