கிடைக்காத தட்டும் பதியாத பாட்டும்

ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்தவர்களைத் தமிழ் உலகம் போற்றுகிறது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த சுவடிகளைச் சேர்த்தார்கள்; சேர்த்தவற்றை அச்சேற்றிப் பொதுச் சொத்தாக்கினார்கள். ஏட்டைப் பரணிலே பூட்டி வைத்துவிட்டு, 'இது எம் வீட்டில் மட்டுமே உண்டு' என்று பெருமை பேசியவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். அவர்கள் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்?

அந்தப் பரண்காரர்களின் வாரிசுகளை இன்று இசைத்தட்டுச் சந்தையிலே காண்கிறோம். 'ஃபிரீ ஜாஸ்' எனப்படும், மெட்டின் வரம்பையும் தாளத்தின் கணக்கையும் உடைத்துக்கொண்டு எழுந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை ஒன்று உண்டு. 1960களிலே சிறு சிறு நிறுவனங்கள் சில நூறு பிரதிகளாக வெளியிட்ட அதன் தட்டுகளுக்கு இன்று நியூயோர்க், லண்டன், தோக்கியோ நகரங்களிலே ஏலம் நடக்கிறது. கேகாலையில் பால்வெட்டும் தொழிலாளி பல மாதங்கள் உழைத்தாலும் காணாத தொகைக்கு ஒரே தட்டு விலைபோகிறது. தட்டில் உள்ள இசையைவிட, அட்டையின் மூலைகளும் முத்திரைத் தாளின் நிறமும் முதற் பதிப்பா இரண்டாம் பதிப்பா என்ற விசாரணையுமே அங்கு முக்கியம் பெறுகின்றன.

நியூயோர்க் ஏலத்துக்கும் சப்பிரகமுவத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் ஆசிரியத் தோழர்களும் மாணவ நண்பர்களும் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அபூர்வம் என்பது ஒரு கலைப்பொருளின் பிறவிக் குணமன்று. யாரோ மறுத்ததாலும், யாரோ புறக்கணித்ததாலும், யாரோ விரட்டியதாலுமே ஒரு பொருள் அபூர்வமாகிறது. அந்த வரலாற்றை மறைத்துவிட்டு அபூர்வத்துக்கு விலை வைப்பது, காயத்தை மறைத்துவிட்டுத் தழும்பை அழகென்று விற்பதற்கு ஒப்பாகும்.

அந்தத் தட்டுகள் ஏன் குறைந்தன என்று பார்ப்போம். பெரிய கம்பெனிகள் தம் இசைக்கு விதித்த நிபந்தனைகளை ஏற்க மறுத்து, சார்லஸ் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் 1952இல் 'டெபியூ' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினர். அதே பத்தாண்டில் சிக்காகோவிலே சன் ராவும் அவர் நண்பர் அல்டன் ஆபிரகாமும் 'சற்றர்ன்' என்ற பெயரில் தட்டுகளை வெளியிட்டனர்; பல அட்டைகளைக் கையாலேயே வரைந்து, கச்சேரி மண்டபத்திலேயே விற்றனர். 1965இல் சிக்காகோ இசைஞர் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, பின்னர் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி இசை கற்பித்தனர். 1971இல் நியூயோர்க்கில் சார்ல்ஸ் டொலிவரும் ஸ்ரான்லி கௌவலும் தொடங்கிய 'ஸ்ராட்டா ஈஸ்ற்' நிறுவனம், பதிவின் உடைமை அதைப் படைத்தவனுக்கே என்ற கொள்கையில் நின்றது. இவை யாவும் அடிப்படையில் கூட்டுறவு முயற்சிகள். உழைப்பின் பலன் உழைத்தவனுக்கே சேரவேண்டும் என்ற தொழிற்சங்கக் குரலே இவற்றில் ஒலித்தது. கைம்முதல் இன்மையால் பிரதிகள் குறைந்தன. அந்த வறுமைதான் இன்று 'அபூர்வம்' என்ற பட்டுச் சட்டை அணிந்து ஏலத்துக்கு வருகிறது.

ஆல்பர்ட் ஐலர் என்ற சாக்சபோன் கலைஞரை எடுத்துக்கொள்வோம். 1964இல் 'ஈ.எஸ்.பி.' என்ற சிறு நிறுவனத்துக்காக அவர் வாசித்த தட்டு அந்த இசையின் மைல்கல் என்று இன்று கொண்டாடப்படுகிறது. தட்டில் என்ன ஒலிக்கவேண்டும் என்பதைக் கலைஞரே தீர்மானிப்பார் என அந்த நிறுவனம் பறைசாற்றியது. ஆனால் உரிமைப்பணம் வந்து சேரவில்லை என்று அதற்கு வாசித்த பலர் பின்னாளில் குறை கூறினர். ஐலர் 1970 நவம்பரில், 34 வயதில், நியூயோர்க்கின் கிழக்கு ஆற்றிலே பிணமாக மிதந்தார். இன்று ஏலத்தில் ஏறும் விலையில் ஒரு சதமேனும் அவருக்குச் சேரப்போவதில்லை.

'சேகரிப்போர் இல்லையேல் இந்த இசையே அழிந்திருக்குமே' என்று வாதிடுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. பேணிய தட்டிலிருந்து மறுபதிப்புச் செய்து உலகுக்குக் கொடுத்தவர்களை நாம் சாமிநாதையர் வரிசையிலேயே வைப்போம். மறுபதிப்பு வந்தால் தன் தட்டின் விலை விழுமே என்று அஞ்சுகிறவனே நம் கண்டனத்துக்கு உரியவன்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கிராமபோன் கம்பெனியின் ஆட்கள் 1902இல் கல்கத்தாவில் முதற் பதிவுகளைச் செய்தனர். 1908இல் அங்கேயே தட்டு அச்சிடும் ஆலை எழுந்தது. அக்காலத் தட்டின் மூலப்பொருள் அரக்கு. அதைச் சோட்டா நாகபுரிக் காடுகளில் ஆதிவாசிகள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டிச் சேர்த்தார்கள். அரக்கை எடுத்துக்கொண்ட வியாபாரத்துக்குச் சேர்த்தவனின் பாட்டு வேண்டியிருக்கவில்லை. தமிழில் நாடகப் பாட்டும் கீர்த்தனையும், பின்னர் சினிமாப் பாட்டும் தட்டேறின. துரைமாரின் பங்களாக்களிலே மேல்நாட்டு நடன இசை சுழன்றது. கீழே லயத்தில் ஒலித்த தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அந்த வியாபாரத்தின் சரக்காகவில்லை.

லயத்திலே இசை இல்லையா? விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஆள் கூட்டிய தப்பு, மாசியிலே காமன் கூத்துக்கும் முழங்கியது. அடிமை வேலைக்கு எழுப்பிய அதே தோலிலிருந்து மன்மதனின் கதையை எழுப்பிய கைகள் அவை. ஜாஸ் மேதைகளின் தாள நுட்பத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் நம் ரசிகர், இந்தக் கைகளின் நுட்பத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா?

சப்பிரகமுவத் தோட்டங்களின் கதை தனியானது. நுவரெலியாவைப் போல் இங்கே தமிழர் அடர்ந்து வாழவில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் சிங்களக் கிராமங்களுக்கிடையே றப்பர்க் காடுகளிலும் தேயிலை மலைகளிலும் சிதறிக் கிடக்கிறார்கள். 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும், சரக்கைப் பிரிப்பது போல் பிரித்தது. 1977இலும், 1981 ஆகஸ்ட்டிலும், 1983இலும் வன்முறை தோட்டங்களுக்குள் புகுந்தது. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் எரிந்தன. நீலகிரித் தேயிலைக்கும், கேரளத்தின் புனலூர் றப்பருக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா றப்பருக்கும் குடும்பங்கள் பெயர்ந்தன. பாட்டும் அவர்களோடு துண்டு துண்டாயிற்று. 2016 மே மாதத்திலே புளத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்தில் மண் சரிந்து லயத்தையே மூடியது. இத்தகைய இடத்திலே ஒரு கிழவியின் ஒப்பாரி அழிந்துபோனால், ஏலத்தில் எடுக்க ஒரு பிரதியும் மிஞ்சாது.

பதிவு செய்ய முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கி மேடைகளிலே பாடினார்; 1940இல் அதை அச்சிலும் தந்தார். 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, 1984இல் மறையும்வரை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டினார். 'மாமன் மகனே' என்ற தொகுப்பு அவ்வுழைப்பின் கனி. இவர்கள் வழிகாட்டிகள். ஆயினும் காகிதம் சொல்லைக் காக்கும். குரலின் நடுக்கத்தையும் தப்பின் அடியையும் காக்காது.

இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொரு மாணவன் கையிலும் தொலைபேசியாக இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக லயத்துக்கு வருகிறவர் பாட்டைப் பதிந்துகொண்டு போகிறார்; பட்டம் அவருக்கு, பதிவு அவர் அலுமாரிக்கு. பாடிய பெண்ணின் பெயரோ 'நாட்டார்' என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகிறது. பெயரில்லாமற் போனால் உரிமையும் இல்லாமற் போகும். இதுவும் பரண் மனப்பான்மையே.

மற்றொரு கூட்டத்தார் 'தப்பு அழிகிறதே, இளைஞர் தொட மறுக்கிறார்களே' என்று கண்ணீர் வடிக்கிறார்கள். ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்டதுண்டா? சாவுக்கு அடிக்கவேண்டும் என்று ஒரு சாதியின் தலையிலே சுமத்தி, அடித்தபின் வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம், 'பாரம்பரியத்தைக் காப்பாற்று' என்று அந்த இளைஞனுக்கு உபதேசிக்க என்ன யோக்கியதை உடையது? இழிவு போகட்டும், கலைஞன் என்ற மதிப்பும் கூலியும் வரட்டும், விரும்புகிற எச்சாதிப் பிள்ளையும் தப்பெடுக்கட்டும். அப்போது தப்பு பிழைக்கும்.

'சம்பளமே போதாதவனுக்குப் பாட்டுப் பதிவா?' என்று நம் அணியிலேயே சிலர் கேட்பார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021வரை காத்திருக்க நேர்ந்த மக்களுக்குச் சோற்றுப் போராட்டம் முதன்மையானதே. ஆனால் தன் குரலுக்கு மதிப்பு உண்டென்று உணராத தொழிலாளி, தன் உழைப்புக்கு மதிப்புக் கேட்கத் தயங்குவான். இரண்டும் ஒரே போராட்டத்தின் இரு கைகள்.

ஆகவே, சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியரும் மாணவரும் தாமே ஒரு சிறு முத்திரையைத் தொடங்கட்டும். பாடுகிறவரின் சம்மதத்தோடு, பாடுகிறவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் முதலில் வரட்டும். ஒரு பிரதி தோட்டத்திலேயே, பாடசாலையிலேயே இருக்கட்டும். வருமானம் வந்தால் பாடினவருக்கும் அடித்தவருக்கும் போகட்டும். புனலூரிலும் நீலகிரியிலும் உள்ள உறவுகளின் பாட்டும் அதிலே சேரட்டும். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளிலும் கேகாலைக் காரீயச் சுரங்கங்களிலும் உழைத்த சிங்களத் தொழிலாளரின் 'பதல் கவி'யும் பக்கத்திலே ஒலிக்கட்டும். ஒரே மண்ணைத் தோண்டியவர்களும் ஒரே மழையில் நனைந்தவர்களும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்பது, பேரினவாதத்துக்கு நல்ல மறுமொழி.

சிக்காகோவின் கறுப்பினக் கலைஞர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே. அவர்களுடைய தட்டு நம் கைக்கு எட்டாது. அவர்களுடைய வழி எட்டும். நம் பாட்டு அபூர்வமாக வேண்டாம். ஆயிரம் வீடுகளிலே மலிந்து கிடக்கட்டும்.