செயலியிடம் பயிர் ஆலோசனை கேட்கிறீர்களா? கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

"நெற்பயிர் மஞ்சளாகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் இப்படி ஒரே வரியில் கேட்டால், பக்கம் பக்கமாகப் பதில் வரும். அதை அப்படியே நம்பி மருந்துக் கடைக்குப் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மஞ்சளுக்குக் காரணம் ஒன்றல்ல. தழைச்சத்து குறைந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். துங்ரோ நோய் என்றால் பயிர் குட்டையாகி, இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். பாக்டீரியா இலைக்கருகலில் இலை ஓரம் நெளிநெளியாகக் காயும். இலைக்கருகல் உள்ள வயலில் தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போட்டால் நோய் இன்னும் பரவும். நீங்கள் அடையாளம் சொல்லாவிட்டால் செயலி ஊகித்துத்தான் பதில் சொல்லும்.

கேட்கும்போது இவற்றைச் சொல்லுங்கள்:

1. ரகம், நட்டு எத்தனை நாள், போட்ட உரம், அடித்த மருந்து.

2. அடி இலையா, இளம் இலையா, நுனியா, ஓரமா? வயல் முழுவதுமா, திட்டுத் திட்டாகவா? தூரில் பூச்சி உண்டா?

3. வயல் இருக்கும் ஊர். சாரத்தில் உட்கார்ந்து கேட்டாலும், வயல் பாகூரில் என்றால் பாகூர் என்றே சொல்லுங்கள்.

4. பரப்பை ஏக்கரில் சொல்லுங்கள். குழியும் காணியும் ஊருக்கு ஊர் மாறும். பதில் ஏக்கருக்கா ஹெக்டேருக்கா என்றும் பாருங்கள். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். மாற்றிப் புரிந்துகொண்டால் மருந்து இரண்டரை மடங்காகிவிடும்.

5. "மருந்து சொல்" என்று தொடங்காதீர்கள். "என்னென்ன காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றையும் வயலில் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேளுங்கள்.

பதில் வந்த பிறகும் சரிபார்க்க வேண்டும். இணையத்தில் பழைய பரிந்துரைகளும் கிடக்கின்றன. காய்கறிப் பயிர்களுக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிக்க நம் நாட்டில் தடை உண்டு. பழைய பக்கங்களில் அந்தப் பெயர் இன்னும் இருக்கலாம். மருந்துப் புட்டியின் லேபிளில் உங்கள் பயிரின் பெயரும் அளவும் இருக்கிறதா என்று படித்துவிட்டே வாங்குங்கள்.

மானியம் பற்றிக் கேட்கும்போது புதுச்சேரி விவசாயிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தமிழில் கேட்பதால் செயலி தமிழ்நாடு அரசின் திட்டத்தைச் சொல்லிவிடலாம். புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம். பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், பிறகு வேளாண் துறை அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள்.

தொலைவிலிருந்து வரும் தகவலை நம் ஊருக்கு ஏற்றபடி பயன்படுத்துவது புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலை உயர விவரத்தை, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். அன்று தகவலைத் தேர்ந்து, நமக்குப் புரியும்படி சொல்ல நடுவில் ஆட்கள் இருந்தார்கள். இன்று கைபேசிக்கும் உங்களுக்கும் நடுவில் யாரும் இல்லை. அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் பாதிக்கப்பட்ட செடியோடு குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். அல்லது 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேளுங்கள், கட்டணம் இல்லை. செயலி சொன்ன பதிலையும் அவர்களிடம் காட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு மருந்து வாங்கலாம்.