18 கிலோமீட்டர் போக ஒரு வருஷ இன்சூரன்ஸ்

எங்க வீட்டுப் புளியமரத்தடியில் ஒரு குட்டியானை நிற்கிறது. நிஜ யானை இல்லைங்க, நாலு சக்கர மினி லாரி. மார்க்கெட்டுக்குத் தக்காளி, வெங்காயம் ஏற்றிப்போக வாங்கியது. போர்வெல் வற்றி, காய்கறி வெள்ளாமை நின்றபோது வண்டியும் நின்றது. பதினாலு மாசம். பேட்டரி செத்தது, டயரில் காற்று இறங்கியது, எலி பானெட்டுக்குள் குடித்தனம் வைத்து வயரைத் தின்றது. அதுக்குள்ளே இன்சூரன்ஸ் முடிந்தது, எஃப்சியும் முடிந்தது. ஓடாத வண்டிக்கு எதுக்குக் காசு என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் கொஞ்சம் தண்ணி கிடைத்தது. அரை ஏக்கர் சின்ன வெங்காயம் நட்டேன். வெங்காயம் அறுக்கும்போது வண்டி வேணும். மெக்கானிக்கை வீட்டுக்கே கூட்டி வந்தேன். புது பேட்டரி போட்டு, அறுந்த வயரை ஒட்டி, எப்படியோ ஸ்டார்ட் பண்ணிவிட்டார். கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். அப்புறம் சொன்னார்:

"அண்ணா, இதை இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பம்பைக் கழட்டிப் பார்க்கணும். பிரேக் டிரம்மைத் திறக்கணும். செலவு பண்ணலாமா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டரலாமான்னு அப்பத்தான் சொல்ல முடியும். கடைக்குக் கொண்டாந்துருங்க."

கடை இருப்பது டவுனில். 18 கிலோமீட்டர்.

இன்சூரன்ஸ் பார்க்கிற தங்கச்சி மகனுக்குப் போன் போட்டேன். "மாப்ள, ஒரே ஒரு நாளைக்கு வேணும். மெக்கானிக் கடை வரைக்கும் போகணும். காலியா, ஒரு மூட்டைகூட ஏத்தாம" என்றேன். அவன் சிரித்தான். "மாமா, ஒரு நாளைக்கு ஒரு வாரத்துக்கெல்லாம் கிடையாதுங்க. தேர்டு பார்ட்டின்னா ஒரு வருஷம். 16,049 ரூபாய், வரி தனி."

இதைப் படிக்கிற நகரத்து நண்பர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1000-லிருந்து 1500 சிசிக்குள் இருக்கும் உங்க காருக்கு, 2022-ல் அரசாங்கம் நிர்ணயித்த தேர்டு பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 3,416 ரூபாய். சரக்கு வண்டிகளில் 7,500 கிலோ மொத்த எடை வரைக்கும் ஒரே பிரிவு. அதுக்கு 16,049. ஏழு டன் லாரியும் என் குட்டியானையும் அந்த ஒரே பிரிவில்தான் வருகிறது. வண்டி தினம் லோடு அடித்தால் அதில் தப்பில்லை, கட்டலாம். இது செத்ததா பிழைத்ததா என்றே தெரியாத வண்டி. டாக்டரிடம் காட்டிப் பார்ப்பதற்கு முன்னாடியே ஒரு வருஷத்துக்கு மருந்து வாங்கச் சொன்னால் எப்படிங்க?

"ரெக்கவரி வண்டி வச்சு தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்பீர்கள். கேட்டேன். வந்துபோக 3,500. கடையில் பார்த்து, உதிரி பாகம் வர நாளாகும் என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு 3,500. தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்கு விற்ற பட்டத்தில் 700 கிலோவின் விலை அது.

அப்புறம் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்க ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். விடியக்காலை நாலரை மணிக்கு, யாரும் நிறுத்த மாட்டார்கள் என்ற தைரியத்தில் வண்டியை எடுத்தேன். வீட்டுக்காரிகூட "இருட்டோட போயிட்டு வந்துருங்க" என்றுதான் அனுப்பினாள்.

பாதி வழியில் ஒரு வளைவு. சைக்கிளில் ரெண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, இழுத்துக்கொண்டே போனது. ஒடித்துப் பள்ளத்தோரம் இறக்கினேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். இறங்கி ஓடினேன், கை நடுங்கியது. அவர் கேனைச் சரிபண்ணிக்கொண்டே, "மெதுவாப் போ சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு முழம் இல்லாமல் போயிருந்தால்? போலீசுக்கு நான் கட்டப்போகும் அபராதத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், இல்லாவிட்டால் மூணு மாசம் வரை ஜெயில், ரெண்டும்கூட உண்டு. அது என் பாடு. அந்தப் பெரியவர் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால் நஷ்டஈடு முழுக்க வண்டிக்காரன் தலையில். உரிமையாளர் ஈடு காட்டாவிட்டால் வண்டியை ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டுகிற மாதிரி விதி கொண்டுவரச் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் எலி தின்ற குட்டியானையை ஏலம் விட்டால் என்ன தேறும்? பழைய இரும்பு விலை. மீதிக்கு என் மூணு ஏக்கரை விற்கணும். அது விற்று, கேஸ் முடிந்து, பணம் கைக்குப் போவதற்குள் அந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும்?

நான் செய்தது தப்பு. அதற்குச் சாக்குச் சொல்ல இதை எழுதவில்லை. பிரேக் சந்தேகம் என்று தெரிந்தபிறகு, 3,500 போனால் போகிறது என்று தூக்கித்தான் கொண்டுபோயிருக்கணும். பிரேக் போன வண்டிக்கு எந்த இன்சூரன்ஸும் பிரேக் ஆகாது. ஆனால் பிரேக் நன்றாக இருந்து, காகிதம் மட்டும் காலாவதியான வண்டிகள் ஊருக்குப் பத்து நிற்கிறது. அவையும் இதே நாலரை மணிக்குத்தான் கிளம்புகின்றன. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் நம் நாட்டில் கட்டாயமானது 1946-ல். அது வண்டிக்காரனுக்காகப் போட்ட சட்டம் இல்லை, ரோட்டில் நடந்துபோகிறவனுக்காகப் போட்டது. அந்தச் சைக்கிள் பெரியவருக்காக. அப்படியென்றால் ஒரு வண்டி ரோட்டில் உருளும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காப்பு இருக்கணும். ஆனால் காப்பை வருஷக் கணக்கில் மட்டும்தான் விற்போம் என்கிறோம். மூட்டையாகத்தான் அரிசி தருவேன், ஒரு படி கிடையாது என்று கடைக்காரன் சொன்னால், ஒரு படிக்குக் காசு வைத்திருப்பவன் பட்டினி கிடப்பான். இங்கே ரோட்டில் போகிற இன்னொருத்தன் பட்டினி கிடக்கிறான்.

வாசலைக் குறுக்கினால் என்ன நடக்கும் என்று நமக்கே ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. புகைச் சான்றிதழ் இல்லாமல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதனாலேயே பலர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார்கள், அடிபட்டவனுக்குப் பணம் கிடைக்காமல் போகிறது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளே போய் முறையிட, 2024 ஜூலையில் நீதிமன்றமே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. ரெண்டும் நல்ல காரியம். ஆனால் ஒன்றை இன்னொன்றின் கதவில் பூட்டாகப் போட்டதும், ரெண்டுமே கெட்டது.

என் வண்டியின் கதையும் அதுதான். எஃப்சி பண்ண ஆர்டிஓ ஆபீஸ் போகணும். அதற்கு இன்சூரன்ஸ் காகிதம் காட்டணும். எஃப்சிக்கு நிற்கிற அளவுக்கு வண்டி தேறுமா என்று பார்க்க மெக்கானிக் கடைக்குப் போகணும். அங்கே போகவும் இன்சூரன்ஸ் வேணும், எஃப்சியும் வேணும். எஃப்சி இல்லாத சரக்கு வண்டி முறையாகப் பதிவான வண்டியே ஆகாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ம் பிரிவு. அப்போ எஃப்சி முடிந்த வண்டி எஃப்சிக்கு எப்படித்தான் போகும்? வழியில் நிறுத்துகிற அதிகாரியின் மனசைப் பொறுத்துப் போகும். சட்டத்தில் இருக்க வேண்டியதை மனசில் விட்டுவைத்தால், அங்கே கைமாறுவது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் பயணத்துக்குக் காப்புத் தர அரசாங்கத்துக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும். பதிவாகாத புது வண்டியை ஓட்டிப்போக டீலருக்கு டிரேடு சர்ட்டிபிகேட் இருக்கிறது. அவர்களுக்கென்றே மோட்டார் டிரேடு பாலிசி என்று தனி இன்சூரன்ஸ் இருக்கிறது. பேக்டரியிலிருந்து ஷோரூமுக்குப் போகும் பயணத்துக்கு மட்டும் காப்பு வாங்கலாம். புது வண்டிக்குத் தற்காலிகப் பதிவு இருக்கிறது. வண்டி வைத்து வியாபாரம் பண்ணுகிறவனுக்கு எல்லாம் உண்டு. வண்டி வைத்து வெங்காயம் விற்கிறவனுக்குத்தான் இல்லை.

நகரத்துக்காரர்களுக்கும் ஒரு சலுகை வந்தது. 'ஓட்டுகிற தூரத்துக்கு ஏற்பக் கட்டு' என்கிற திட்டத்தை 2022-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. காரை அபார்ட்மென்ட்டில் நிறுத்திவிட்டு மெட்ரோவில் போகிறவருக்கு லாபம். ஆனால் அது சொந்த வண்டியின் சேதத்துக்கான பங்கில்தான். அடுத்தவனைக் காப்பாற்றும் தேர்டு பார்ட்டியில் அந்தப் பேச்சே இல்லை. சொந்த பம்பருக்கு வளைந்துகொடுக்கிறது சட்டம், பால்காரரின் காலுக்கு வளைய மாட்டேன் என்கிறது.

சித்தப்பா மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே எம்ஓடி என்று வருஷாவருஷம் சோதனை. அது முடிந்துபோன வண்டியையும், முன்கூட்டியே பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிப்போகலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இன்சூரன்ஸ் மட்டும் கட்டாயம். அதை ஒரு மணிநேரத்துக்கு, ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு என்று விற்கிறார்கள். எல்லாக் கம்பெனியும் சோதனை முடிந்த வண்டிக்குத் தருவதில்லை, விசாரித்துத்தான் வாங்கணும் என்றான். இருக்கட்டும், விசாரிக்க ஒரு கடையாவது இருக்கிறதே. நம்ம 1939 மோட்டார் வாகனச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. கட்டாயத்தை மட்டும் நமக்குக் கொடுத்துவிட்டு வசதியை அவன் ஊரில் வளர்த்துக்கொண்டான். நாமும் அதோடு நின்றுவிட்டோம்.

"ஒரு நாள் பாலிசி வந்தால் எல்லாரும் போலீசைப் பார்க்கிற அன்றைக்கு மட்டும் எடுப்பார்கள்" என்று மாப்பிள்ளை சொன்னான். நியாயமான பயம். அதற்கு வேலி போடலாம். எஃப்சி தேதி இன்றைக்கு ஆன்லைனில்தான் பதிவாகிறது. அந்தப் பதிவு எண்ணோடு சேர்த்து மட்டும் பாலிசி கொடுங்கள். மெக்கானிக் கடை என்றால் கடையின் ஜிஎஸ்டி எண்ணோடு சேருங்கள். ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு ரெண்டே தடவை. லோடு ஏற்றக் கூடாது. பகலில் மட்டும். விலையை நாள் கணக்கில் வகுக்கக்கூட வேண்டாம், 500 ரூபாய் வையுங்கள். கட்டுகிறோம். அந்த 500 ரூபாயில் எனக்குப் பகலில் போகும் தைரியம் கிடைக்கும், ரோட்டில் வருகிறவருக்குக் காப்பு கிடைக்கும், இன்றைக்கு ஒரு பைசாவும் வராத இடத்தில் கம்பெனிக்கு 500 கிடைக்கும்.

சட்டத்தை வளைக்க முடியாது என்பார்கள். புது காருக்கு மூணு வருஷம், புது பைக்குக்கு அஞ்சு வருஷம் தேர்டு பார்ட்டி சேர்த்தே எடுக்கணும் என்று 2018 செப்டம்பரில் வந்ததே, அது எப்படி வந்தது? நம்ம கோவை எலும்பு டாக்டர் எஸ். ராஜசேகரன் போட்ட வழக்கில்தான் அந்த உத்தரவு வந்தது. ரோட்டில் அடிபட்டு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த கை அது. ஒரு வருஷத்தை அஞ்சு வருஷமாக நீட்ட முடிந்தது. அதே ஒரு வருஷத்தை ஒரு நாளாகச் சுருக்க முடியாதா?

வண்டி பிழைத்துவிட்டது. பிரேக் மொத்தமும் மாற்றி, பம்ப் சரிபண்ணி, வேலை முடிந்த அன்றைக்கே கடையில் உட்கார்ந்தபடி ஒரு வருஷ இன்சூரன்ஸ் எடுத்தேன். 16,049-ம் வரியும் சேர்த்துத்தான் கட்டினேன். ஓடும் என்று தெரிந்த வண்டிக்குக் கட்ட எனக்கு வலிக்கவில்லை. திரும்பி வரும்போது பட்டப்பகல். அந்த வளைவில் மட்டும் கால் தானாக பிரேக்குக்குப் போனது. இன்றைக்கும் போகிறது.

அந்தப் பெரியவரை அப்புறம் சொசைட்டியில் பார்த்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களில் யாராவது இன்சூரன்ஸ் கம்பெனியிலோ போக்குவரத்துத் துறையிலோ வேலை பார்த்தால், அடுத்த மீட்டிங்கில் இதை ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க.