மின்சாரக் கமிஷனும் சர்க்காரும்

மின்சாரக் கட்டணத்தை மந்திரிகள் நிர்ணயிக்கக் கூடாது, பட்சபாதமற்ற கமிஷனே நிர்ணயிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்து கால் நூற்றாண்டாகிறது. 1998-ம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் 1999-ல் கமிஷன் ஏற்பட்டது. 2003-ம் வருஷச் சட்டம் அதன் அதிகாரத்தை விஸ்தரித்தது. காரியத்தில் நடந்ததென்ன? 2014 டிசம்பருக்குப்பின் 2022 செப்டம்பர் வரையில் கட்டணம் உயரவேயில்லை. நிலக்கரி விலையும் வட்டியுமா அப்படி நின்றன? இடையில் இரண்டு சட்டசபைத் தேர்தல்கள் வந்து போயின என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம். கடன் வளர்ந்தது, பிறகு ஒரே வீச்சில் பிரஜைகளின் தலையில் விழுந்தது.

கோளாறு சட்டத்திலேயே இருக்கிறது. பொதுநன்மையைச் சார்ந்த கொள்கை விஷயங்களில் சர்க்காரின் உத்தரவைக் கமிஷன் அனுசரிக்க வேண்டுமென்கிறது 108-வது பிரிவு. எது கொள்கை என்பதிலும் சர்க்காரின் முடிவே முடிவாம்! மின்சாரம் விற்கும் கம்பெனியோ அதே சர்க்காருக்குச் சொந்தம். ராஜகிரியின் உச்சிக்குப் போகிறவர்கள் அங்குள்ள ஆழமான பிளவைப் பாலத்தின்மேல்தான் கடக்க வேண்டும். அந்தப் பாலத்தைப் போடவும் எடுக்கவும் உள்ள உரிமையை முற்றுகையிட வந்தவனிடம் கொடுத்திருந்தால், செஞ்சிக்குக் கோட்டை எதற்கு?

விவசாயியின் இலவச மின்சாரத்தை நாம் ஆட்சேபிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். இந்த வட்டாரத்து நெல்லும் மணிலாவும் கிணற்றுப் பாய்ச்சலால் பிழைப்பவை. ஆனால் சலுகை தர விரும்பும் சர்க்கார் அத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டுமென்பது 65-வது பிரிவு. பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டரே இல்லை. தொகை இவ்வளவுதான் என்று யார் நிச்சயிப்பது? பணம் கட்டுகிறவரைக் கேட்டுக் கணக்கெழுதும் கமிஷன் விவசாயிக்கும் துணையாகாது.

கமிஷனில் ஒருவராவது சட்டம் அறிந்தவராயிருக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் 2022-ல் கட்டண மனு விசாரணைக்கு வந்தபோது அந்த ஸ்தானம் இங்கே காலி. விவகாரம் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை வரையில் போயிற்று. ஏட்டில் ஏற்றி ஒத்திப்போட்ட பாக்கிகளைக் காலவரையறைக்குள் தீர்க்க வேண்டுமென்று 2025 ஆகஸ்டில் அதே சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது, கமிஷன்களையும் கண்டித்தது. அந்தப் பாக்கியைக் கொடுக்கப்போகிறவர் நாமும் நம் பிள்ளைகளுந்தான்.

மெம்பரின் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தேர்வுக் கமிட்டிக்கு எழுத வேண்டுமென்று 85-வது பிரிவு சொல்கிறது. அதையாவது சர்க்கார் தவறாமல் செய்யட்டும். 108-வது பிரிவைத் திருத்தும் பொறுப்பு பார்லிமெண்டுக்குரியது. நம் ஜில்லாவின் பிரதிநிதிகள் அங்கே அதைப்பற்றி என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்கிறோம்.