கிருமியைச் சோதிக்கிறோம், ஆளை?

ஐம்பது கிலோ எடையுள்ள இரண்டு காசநோயாளிகள் வந்தால், இருவருக்கும் தினம் நான்கு மாத்திரை. அதில் ஐசோனியசிட் மட்டும் 300 மில்லிகிராம். தென்காசிப் பக்கம் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்த எனக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஆனால், ஒருவர் ரத்தத்தில் அந்த மருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். இன்னொருவருக்கு அதற்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். மருந்தை மாற்றி வெளியேற்றும் கல்லீரல் என்சைமை உருவாக்குவது நாட்-2 என்ற மரபணு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதன் மந்த வடிவம் வந்துவிட்டால், மருந்து உடம்பில் தங்கித் தங்கித்தான் போகும்.

தங்கினால் கை கால் எரிச்சல், மதமதப்பு வரலாம். சிலருக்கு மஞ்சள் காமாலையில் போய் நிற்கும். பீடி சுற்றும் ஒரு அக்கா, "மாத்திரை ஒத்துக்கிடல சார், சோத்தப் பாத்தாலே கொமட்டுது" என்றார். சாக்குச் சொல்லாதே என்று வார்டில் அதட்டினார்கள். சில நாளில் அவர் கண் மஞ்சளாகிவிட்டது. அவருடைய நாட்-2 எந்த வகை என்று பார்க்க அங்கே வழியே இல்லை.

நம் பக்கத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மந்த வகை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) மரபணுப் பரிசோதனை வராத அந்தக் காலத்திலேயே நோயாளிகளை வேக வகை, மந்த வகை என்று பிரித்துப் பார்த்தது. வாரம் ஒரு தடவை மட்டும் மருந்து கொடுத்தபோது வேக வகையினருக்குப் பலன் குறைந்ததும் அங்கே தெரிந்தது. எவ்வளவு பெரிய வேலை அது!

ஜப்பானில் மரபணுவுக்குத் தக்கபடி அளவை மாற்றிக் கொடுத்த ஆய்வு 2013இல் வெளியானது. பாதி அளவு பெற்ற மந்த வகையினரில் ஒருவருக்கும் மருந்தால் கல்லீரல் கெடவில்லை. வழக்கமான அளவு பெற்ற மந்த வகையினரில் பெரும்பாலோருக்குக் கெட்டது. சிறிய ஆய்வுதான். அதைப் பெரிய அளவில் செய்து பார்க்கச் சென்னையைவிடத் தகுந்த ஊர் எது?

இன்று சளியை சிபிநாட் கருவியில் வைத்து, கிருமி ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கட்டுப்படுமா என்று அதன் மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். மாத்திரையை விழுங்கப்போகிறவரின் மரபணுவைப் பார்ப்பதில்லை. வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும், அது மாறப்போவதில்லை. முதியவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், ஏற்கெனவே கல்லீரல் கெட்டவர்கள் ஆகியோருக்காவது அரசு இதைத் தொடங்க வேண்டும்.

அதுவரை, மருந்து தொடங்கும் முன் எல்லோருக்கும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை நடக்கட்டும்; கை கால் எரிச்சலைத் தடுக்கும் வைட்டமின் பி6 மாத்திரை விடுபடாமல் கைக்குப் போகட்டும். குமட்டுகிறது என்று வருபவரை அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். நோயாளிகளும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வந்து சொல்லுங்கள்.